மெய்ப்பூச்சும் அளவு விரதமும்

 

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை உள்ளது. அம்மலையின் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற திருமேனிகளுள் பாகுபலி சுவாமியின் திருவுருவமும் ஒன்று. நின்ற கோலம், காலைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கிறது. உடலைப் பேணுதல் என்னும் எண்ணமே அற்றுப்போன நிலையை இதைவிடத் தெளிவாகக் கல்லில் காட்ட இயலாது. அதே வரிசையில், அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் கல்வெட்டோடு இருக்கிறது. எண்ணெய் காணாத அத்திருமேனிகளை வணங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். வீட்டிலோ சனிக்கிழமைக்கு நல்லெண்ணெய் காய்ச்சுகிறோம், சீயக்காய் அரைக்கிறோம். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்?

இந்த ஐயத்தை ஓர் அன்னையார் நேராகவே கேட்டார். “ஐயா, நம் முனிவர்கள் நீராடுவதில்லை, பல் துலக்குவதில்லை, தலைமயிரைக் கையாலேயே களைகிறார்கள். அந்நெறியில் வந்த நான் என் பெண்ணுக்குக் குளியல் பொடி அரைத்துக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால், அதற்கும் கடையில் வாங்குவதற்கும் என்ன வேறுபாடு? கடையில் வாங்கினால் என் கையால் ஒரு பூவையும் கிள்ளவில்லை, ஒரு வண்டையும் நசுக்கவில்லை என்ற நிம்மதியாவது இருக்குமே?”

வினாவின் முற்பகுதிக்கு விடை எளிது. நீராடாமையும் பல் துலக்காமையும் கேசலோசமும் முனிவரின் 28 மூலகுணங்களுள் அடங்கியவை. நீரையே உடலாகக் கொண்ட உயிர்களைக் காப்பதும், உடல்மீதுள்ள பற்றை அறுப்பதும் அவற்றின் நோக்கம். சிராவகனுக்கு அவை விதிக்கப்படவில்லை. ஜினாலயத்தில் அபிடேகம் செய்யப் புகும் இல்லறத்தான் நீராடித் தூய ஆடை உடுத்தே புக வேண்டும். ஆதலின் தூய்மை இல்லறத்தானுக்குக் குற்றமன்று. தூய்மை எங்கே முடிகிறது, ஒப்பனை எங்கே தொடங்குகிறது என்பதே அவன் கவனிக்க வேண்டியது.

அந்த எல்லையை வகுத்துத் தந்தவர் சமந்தபத்திர ஆசாரியர். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாண விரதத்தை விளக்கும்போது, இல்லறத்தான் நாள்தோறும் அளவிட வேண்டியவற்றை அவர் எண்ணிக் காட்டுகிறார். உணவு, ஊர்தி, படுக்கை ஆகியவற்றை அடுத்து நீராடலும், தூய மெய்ப்பூச்சும், மலரும் அவ்வரிசையில் வருகின்றன. ‘தூய’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். மெய்ப்பூச்சை அவர் முற்றாக விலக்கவில்லை. தூயதாக இருக்கட்டும், அளவோடும் இருக்கட்டும் என்கிறார். வாழ்நாள் முழுதுக்கும் விடுவது யமம் என்றும், ஒரு பகல், ஓர் இரவு, பதினைந்து நாள், ஒரு திங்கள் எனக் காலம் வரையறுத்து விடுவது நியமம் என்றும் பிரித்து, எளியோரும் கைக்கொள்ளுமாறு வழி செய்திருக்கிறார். ஒரு முறை துய்த்தபின் கழிவது போகம்; மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். புடவை உபபோகம், உடலில் தேய்த்துக் கழுவிவிடும் பொடி போகம். போகப் பொருளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக உயிர்கள் விலை கொடுக்கின்றன என்பதை நினைவிற் கொண்டால், அளவு ஏன் வேண்டும் என்பது தானே விளங்கும்.

இனி வினாவின் பிற்பகுதி. கடையில் வாங்கினால் நம் கை தூய்மையாக இருக்குமா? தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமம். காசு கொடுத்து வாங்குவது உடன்பாடு அல்லாமல் வேறென்ன? ஆகவே வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடமையாகிறது.

உணவுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நம் குடும்பங்கள், சோப்புக் கட்டியின் உறையில் உள்ள பொடி எழுத்துகளைப் படிப்பதில்லை. ‘சோடியம் டாலோவேட்’ என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பிலிருந்து ஆன சோப்பு. ‘சோடியம் பாமேட்’ என்பது பனை வகை எண்ணெயிலிருந்தும், ‘சோடியம் கோகோவேட்’ என்பது தேங்காய் எண்ணெயிலிருந்தும் வருவது. உதட்டுச் சாயத்தின் சிவப்பு ‘கார்மைன்’ ஆயின், அது கொச்சினீல் என்னும் சிறு பூச்சிகளைக் கொன்று உலர்த்தி எடுத்த நிறம். ‘லானோலின்’ ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் நெய்ப்பொருள்; ‘ஷெல்லாக்’ அரக்குப் பூச்சியின் சுரப்பு. ‘கெரட்டின்’ பெரும்பாலும் விலங்கின் மயிர், கொம்பு, குளம்புகளிலிருந்து வருவது. ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் போன்றவை கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். உறையைப் படித்தாலும் எது என்று தெரியாது. அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை இந்திய அரசு 2014-இல் தடை செய்தது நல்ல செய்தியே. எனினும் அத்தடை சோதனையைப் பற்றியது. உள்ளே சேரும் பொருளைப் பற்றியதன்று.

பழைய நறுமணப் பொருள்களும் இவ்வகையில் தப்பவில்லை. கஸ்தூரி மான் வயிற்றிலிருந்து வருவது. புனுகு பூனையைக் கூண்டில் அடைத்து எடுப்பது. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். (கஸ்தூரி மஞ்சள் மட்டும் பெயரளவில்தான் கஸ்தூரி, அது செடியின் கிழங்கு. ஆனால் கிழங்கு என்பதாலேயே அதற்கு வேறொரு வழக்கு உண்டு, பின்னர் சொல்கிறேன்.)

வீட்டில் செய்வது மேல் என்பதற்கு இதுவே முதற்காரணம்: உள்ளே போகும் ஒவ்வொன்றையும் நம் கண் பார்க்கிறது. ஆனால் ‘வீட்டில் செய்தது, இயற்கையானது’ என்ற சொல்லே அகிம்சைக்குச் சான்றாகிவிடாது. இன்று வீடுதோறும் பரவிவரும் அழகுக் குறிப்புகளில் நமக்கு ஆகாதவை பல. முகத்துக்குத் தேன் பூசச் சொல்வார்கள். தேனை ஊனோடும் கள்ளோடும் சேர்த்து விலக்கியவர்கள் நம் ஆசாரியர்கள். நாவில் படக்கூடாதது கன்னத்தில் படலாம் என்று வாதிடுவோர் உளர். தேனடையைப் பிழியும்போது இறந்த உயிர்களுக்கு நாவும் கன்னமும் ஒன்றே. உதட்டு வெடிப்புக்குத் தேன்மெழுகு சேர்த்த களிம்பும் அவ்வாறே; சிறிது தேங்காய் எண்ணெயே போதும்.

அரிசி கழுவிய நீரை இரண்டு நாள் புளிக்க வைத்துத் தலையில் ஊற்றச் சொல்கிறார்கள். புளித்தல் என்பதே எண்ணற்ற நுண்ணுயிர்கள் பிறந்து பெருகுதல். சம்மூர்ச்சன உயிர்கள் எனப் பெயரிட்டு, ஈரமும் காலமும் கூடுமிடத்தில் அவை தோன்றும் என்று நம் முன்னோர் எச்சரித்தது இதைத்தான். வெந்தயத்தை இரவெல்லாம் ஊறவைத்து அரைப்பதும் இதனோடு சேர்ந்ததே. கடலை மாவில் தயிர் குழைத்துப் பூசுவது இன்னொன்று. இருபிளவாக உடையும் பருப்போடு தயிர் கலப்பதைத் துவிதளம் என்று உணவில் விலக்குகிறோம். உணவு விதி முகத்துக்கும் செல்லுமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: வெறும் நீரே அவ்வேலையைச் செய்யும்போது ஐயத்துக்கு இடமானதை ஏன் நாட வேண்டும்? கற்றாழையை அனந்தகாயம் என்று எண்ணும் வழக்கு சமண மரபில் உண்டு. அதனையும் இவ்வாறே விட்டுவிடலாம்.

இப்போது அந்தக் கிழங்கு. நலங்கு மாவுக்கு நாட்டு மருந்துக் கடையில் சீட்டுக் கொடுத்தால், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் என்று அளந்து கட்டிக் கொடுப்பார்கள். நான்கும் மண்ணுக்கு அடியில் வளர்பவை. தோண்டும்போது செடியும் அழிகிறது, மண்ணில் வாழும் உயிர்களும் அழிகின்றன. சுக்கையும் உலர்ந்த மஞ்சளையும் ஏற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உணவிலே உருளைக்கிழங்கை விலக்கிவிட்டு, குளியலறையில் நான்கு கிழங்குகளை அரைத்துத் தேய்ப்பது எனக்கு முரணாகவே தோன்றுகிறது. கிழங்கில்லாமலும் நல்ல பொடி செய்யலாம். அதற்கு மதுரைச் சமவெளி தாராளமாகவே தருகிறது.

இவ்வட்டாரத்தின் வறண்ட மேடுகளிலும் சாலை ஓரங்களிலும் ஆவாரை தானாக வளர்கிறது. யாரும் நீர் ஊற்றுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை. அதன் மஞ்சள் பூவே மேனிக்கு ஏற்றது. பூவில் சிற்றுயிர்கள் தங்கும் என்பதால், பறித்த பூவை வெள்ளைத் துணியில் பரப்பிச் சிறிது நேரம் நிழலில் விட்டால் அவை தாமே வெளியேறிவிடும். பிறகு உதறி உலர்த்த வேண்டும். அரைக்கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் உலர்ந்த ஆவாரம்பூ, 50 கிராம் உலர்ந்த ஆரஞ்சுத் தோல், ஒரு கைப்பிடி உலர்ந்த வேப்பிலை, இவ்வளவே. பயற்றைப் புடைத்து, வண்டு விழுந்ததா என்று ஒவ்வொரு கைப்பிடியாகப் பார்த்து, வண்டு இருந்தால் அந்தப் பயற்றோடு சேர்த்து நிழலான இடத்தில் விட்டுவிட்டு, எஞ்சியதை இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்ள வேண்டும். வறுத்தபின் அது முளைக்கும் வித்தன்று.

எலுமிச்சைச் சாற்றைப் பற்றி ஒரு சொல். அதை முகத்தில் பூசிக்கொண்டு மதுரை வெயிலில் இறங்கினால் தோல் கன்றிக் கருத்துவிடும், கொப்பளிப்பதும் உண்டு. இயற்கைப் பொருள் என்பதால் தீங்கு செய்யாது என்று எண்ண வேண்டா.

தலைக்குச் சீயக்காய். அதிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் பொருளே நுரை தருகிறது. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அந்நீரில் சோப்பு நுரைக்காமல், சுண்ணாம்புச் சத்தோடு கூடித் திரிதிரியாக மயிரில் ஒட்டிக்கொள்ளும். சபோனினுக்கு அந்தக் குறை இல்லை. மேலும் சோப்பு காரத்தன்மை உடையது. சீயக்காய் சற்றே புளிப்புத்தன்மை உடையது. தலையில் இயல்பாக ஊறும் எண்ணெயை முற்றிலும் உரித்து எடுக்காமல் அழுக்கை நீக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால்கிலோ வித்து நீக்கிய பூந்திக்கொட்டை, கால்கிலோ வறுத்த பச்சைப்பயறு, 100 கிராம் வறுத்த வெந்தயம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி போதும். மில்லில் அரைக்கக் கொடுத்தால், நமக்குமுன் அந்த இயந்திரத்தில் என்ன அரைபட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவாடு அரைத்த இயந்திரத்தில் சீயக்காயை இடுவது நம் வீட்டுக்கு ஆகாது.

எண்ணெய் காய்ச்சுவோர் கறிவேப்பிலையோ கரிசலாங்கண்ணியோ நெல்லிக்காய்ச் சாறோ சேர்க்கிறார்கள். அதில் ஈரம் எஞ்சக்கூடாது. சடசடப்பு முற்றிலும் அடங்கி, அடியில் உள்ள கசடு கையில் எடுத்தால் மணலைப்போல் பிரியும் பதம் வரும்வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும். சடசடப்பு இருக்கும்போதே இறக்கினால் சில நாள்களில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்தபின் அதைக் கொட்டுவதும் இம்சை, வைத்திருப்பதும் இம்சை.

இங்கேதான் கால வரையறை வருகிறது. வடிகட்டிய பச்சை நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். காய்ச்சிய நீருக்கு 24 மணி நேரம். அரைத்த மாவுக்குப் பனிக்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்பது நம் மரபு. அந்த எல்லைக்குப் பிறகு அதில் உயிர்கள் தோன்றிவிடும் என்பதே கருத்து. கடைப் பொருள்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் எதுவும் பிறக்கவிடாமலும் பிறந்ததைக் கொன்றும் காக்கும் இரசாயனங்கள் சேர்க்கப்படுவதே. நம் வழியோ, பிறப்பதற்கு முன்பே பயன்படுத்தி முடித்துவிடுவது. ஆகவே குளியல் பொடியை ஓராண்டுக்கு அரைத்து நிரப்பி வைக்காதீர்கள். வறுத்த பயற்றையும் உலர்ந்த பூவையும் முழுதாகவே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை மிக்ஸியில் அரைத்து வஸ்திரகாயம் செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு ஒருமுறைக்கு 15 கிராம் என்றால், நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 420 கிராம். அந்த அளவே போகோபபோக பரிமாணம். விரதத்தைத் தனியே எங்கோ தேட வேண்டியதில்லை, அளக்கும் கரண்டியிலேயே இருக்கிறது. சீயக்காயும் இப்படியே. மில்லுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொண்டு செல்லுங்கள். அஃது இயலாதென்றால், பழைய வழக்கப்படி ஆறேழு காயை அன்றன்று கொதிக்க வைத்து அந்நீரைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. குழைத்த விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் மறுநாளுக்கு எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டா.

பள்ளி செல்லும் குழந்தைகளின் தலையில் பேன் பற்றினால் என்ன செய்வது என்பது தாய்மார்கள் கேட்கக் கூசும் கேள்வி. கூச வேண்டியதில்லை. கொல்வதற்கென்றே மருந்து வைப்பது சங்கற்ப இம்சை. இல்லறத்தானும் அதை விட்டவன். வாரம் இருமுறை தலை முழுகுதல், சீப்பையும் தலையணை உறையையும் தனித்தனியே வைத்தல், எண்ணெய் தடவி நெருக்கமான பேன்சீப்பால் சீவி உயிரோடு எடுத்து விடுதல் ஆகியவை வழிகள். எடுத்து விட்ட பேன் நெடுநாள் வாழாது என்பதை அறிவேன். எனினும் நகத்தில் வைத்து நசுக்கும்போது எழும் மனநிலை வேறு, சீவி எடுத்து அகற்றும்போது உள்ள மனநிலை வேறு. வினை கட்டுவது மனநிலையைப் பொறுத்தே. வருமுன் காப்பதே இதில் பெரும்பகுதி. 

அந்த அன்னையார் பேச்சை முடிக்கும்போது தணிந்த குரலில் மற்றொன்றும் சொன்னார்: “பெண் கறுப்பாக இருக்கிறாள், ஐயா, அதனால்தான்.” முழுவதற்கும் வேர் இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

உடலின் நிறமும் மணமும் வடிவும் நாமகருமத்தின் பயன் என்பது நம் சித்தாந்தம். வர்ணம் என்பது அதன் உட்பிரிவுகளுள் ஒன்று. வந்து பலன் தரும் அதைப் பயற்றுமாவு மாற்றாது. நம் தீர்த்தங்கரர்களின் நிறங்களைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். சந்திரப்பிரபரும் புட்பதந்தரும் வெண்ணிறத்தர், பத்மப்பிரபரும் வாசுபூச்சியரும் செந்நிறத்தர், சுபார்சுவரும் பார்சுவரும் பச்சை நிறத்தர், முனிசுவிரதரும் நேமிநாதரும் கருநிறத்தர், ஏனையோர் பொன்னிறத்தர். இருபத்துநால்வருக்கும் கேவலஞானம் ஒன்றே. நேமிநாதரை வணங்கும் வீட்டில் கறுப்பைக் குறையாகப் பேசுவது அவ்வணக்கத்துக்கே மாறானது.

சிவப்பழகு வாக்களிக்கும் களிம்புகளின் தீங்கு வேறு. தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 32 சிவப்பழகுக் களிம்புகளுள் 14-இல் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2020-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. கடைக்காரரே அச்சொல்லை விட்டுவிட்ட பிறகும் வரன் பார்க்கும் நம் வீடுகள் விடவில்லை.

எனவே அந்த அன்னையாருக்கு நான் சொன்ன விடை இது: பொடி அரைத்துக் கொடுங்கள். வியர்வையும் புழுதியும் போக, வேர்க்குரு தணிய, பெண் தூய்மையாக ஜினாலயம் செல்ல அரைத்துக் கொடுங்கள். நிறம் மாறுவதற்கு என்று சொல்லி மட்டும் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னால் தூய்மைக்கு உரிய பொருள் அவள் மனத்தில் நாள்தோறும் ஒரு வருத்தத்தைத் தேய்த்துவிடும்; அதுவும் ஓர் உயிருக்குச் செய்யும் துன்பம்தானே?

தசலட்சண பருவத்தின் பத்து நாளும் மெய்ப்பூச்சு, நறுமண எண்ணெய், மலர் ஆகியவற்றை நியமமாக விட்டுப் பாருங்கள். குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து விட்டால் பிள்ளைகளுக்கும் எளிது. வெறும் நீரும் பயற்றுமாவும் எவ்வளவு போதுமானவை என்பது பத்தாம் நாளில் தெரிந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு சேர்த்துக்கொள்வது என்பதை அவரவரே அளந்துகொள்ளலாம்.

சீயக்காயும் ஆவாரம்பூவும் உலர்த்த எண்ணுவோர் ஆவணி வெயிலிலேயே அதை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் காய் நமத்துப் போகும். அரைத்த பொடிக்கும் மூன்று நாள்தான்.